தாம்பரம் – நாகர்கோவில்: ஒரு டர்போ ஹேட்ச்பேக்கின் நெடும்பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன், ஆறு கியர் மேனுவல். ஓட்டியவன் என் மச்சினன், வண்டியும் அவனுடையதுதான். பாதை தாம்பரத்திலிருந்து நாகர்கோவில், ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஆடி மாதம். பின்சீட்டில் என் மாமியாரும் மனைவியும், முன்சீட்டில் நான், டிக்கி நிறையப் பெட்டிகள். போகும்போது லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் கிடைத்தது. திரும்பும்போது 18.5. அதே ஆட்கள், அதே சாலை, ஓட்டியதும் அவனேதான். இடையில் எந்த சர்வீஸும் செய்யவில்லை, எந்தப் பாகமும் மாற்றவில்லை.

இரண்டு கணக்குமே டேங்க் டூ டேங்க் முறையில் போட்டவை. முதலில் பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்பி, போய்ச் சேர்ந்ததும் அதேபோல நிரப்பி, நடுவில் ஊற்றியதையும் கூட்டி, ஓடிய தூரத்தை வகுத்தோம். டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை இதற்கு நம்ப முடியாது. அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும்.

700 கிலோமீட்டருக்கு இந்த வித்தியாசம் ஏறத்தாழ 14 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,400 ரூபாய். நாகர்கோவில் போய் இறங்கியதும் மச்சினன் சொன்ன முதல் பேச்சு, "அத்தான், வண்டி பெட்ரோலக் குடிக்குது. ஊருக்குப் போனதும் சர்வீஸ்ல காட்டணும்." வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. இந்த வகை வண்டிக்கு இருக்கும் பலத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

வண்டியின் சுபாவம்

998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி எரிபொருள் செலுத்தம். 120 பிஎஸ் பவர், 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவை. நெடுஞ்சாலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். அந்த 172 முழுவதும் 1,500 ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வந்துவிடுகிறது, 4,000 வரை அப்படியே நிற்கிறது. 120 பிஎஸ்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் 6,000 வரை விரட்ட வேண்டும். நம் ஊர்ச் சாலையில் அதற்கு வேலையே இல்லை.

ஒரு லிட்டர் எஞ்சினில் ஏன் இத்தனை சக்தி என்பதற்கு வரிதான் பாதிக் காரணம். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால்தான் இந்தியாவில் சிறிய காருக்கான குறைந்த வரி. இந்த வண்டியின் நீளம் 3,995 மில்லிமீட்டர். பெரிய எஞ்சின் வைக்க வழியில்லாத இடத்தில் டர்போ அந்த வேலையைச் செய்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு காற்றாடி சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும். ஆக, காலை எடுத்தால் இது ஒரு லிட்டர் எஞ்சின். மிதித்தால் ஒன்றரை லிட்டர் எஞ்சினின் பசி. இது புரியாமல் டர்போ வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் வேறு வண்டி, அதில் 1.6 லிட்டர் எஞ்சின், 204 பிஎஸ். நம் ஊரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் என் லைன், சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷனும் கனமான ஸ்டியரிங்கும் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட ஒரு துடிப்பான குடும்ப வண்டி. ரேஸ் வண்டி இல்லை. இதைச் சொல்லக் காரணம், மச்சினன் முதல் நாள் அதை அப்படித்தான் ஓட்டினான்.

போனது

அதிகாலை இருட்டில் கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டியதும் முள் 110-க்குப் போனது; திண்டிவனம் தாண்டி 120-ஐத் தொட்டது. நான்கு வழிச் சாலையில் 100-க்கு மேல் அனுமதியே இல்லை, பல இடங்களில் பலகை 80 என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தச் சாலையின் நிலவரமே அந்த வேகத்துக்கு இடம் கொடுப்பதில்லை. உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் மட்டும் வலது ஓரத்தை விடாமல் போகும் லாரிகள், எதிர்த்திசையில் வரும் பைக், மீடியன் இடைவெளியில் திரும்பக் காத்திருக்கும் டிராக்டர், ஊர் வந்தால் வளைந்து வளைந்து போகச் சொல்லும் பேரிகேட் என்று எதுவும் பாக்கியில்லை. 120-இல் வந்து, 50-க்கு அழுத்தி, மறுபடி முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 120. காலையிலிருந்து மதியம் வரை இதே கதை.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த எடையைச் சுத்தமாக நிறுத்தினால், ஏறத்தாழ 80 மில்லி பெட்ரோல் கொடுத்துச் சேர்த்த வேகம் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போகிறது. 90-இல் வந்து நிறுத்தினால் 55 மில்லி. பரனூரில் தொடங்கி ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று நாங்குநேரி வரை பத்துக்கு மேல் சுங்கச்சாவடிகள். அவற்றோடு பேரிகேட்டுகளையும் லாரிகளையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

மீதி காற்றில் போனது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 90-இல் இருக்கும் தடையை ஒன்று என்று வைத்தால், 120-இல் அது 1.78. அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டே இருக்க டர்போ ஓயாமல் அழுத்தம் கொடுக்க வேண்டும். சிலிண்டர் சூடேறும், நாக்கிங் (கலவை கண்டபடி பற்றி எஞ்சின் தட்டுவது) வராமல் பார்த்துக்கொள்ள எஞ்சின் கணினி தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும், சிக்கனம் இன்னும் குறையும். மே மாத வெயிலோ ஆடி மாத மதியமோ, நம் ஊர் வெப்பத்தில் டர்போ எஞ்சினுக்கு இது கூடுதல் சுமை.

பெட்ரோலையும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் சுமார் 7 சதவீதம் குறைவு. ஆனால் போனபோதும் வந்தபோதும் ஊற்றியது அதே கலவைதான். நம் 13.5-க்கும் 18.5-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அதன் தலையில் கட்ட முடியாது.

நேரம் மிச்சமானதா? திரும்பியதைவிட முக்கால் மணி நேரம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம். 100 கிலோமீட்டரை 90-இல் கடக்க 67 நிமிடம், 110-இல் கடக்க 55 நிமிடம். அந்த 12 நிமிடத்திலும் பாதியைப் பேரிகேட்டும் சாவடியும் தின்றுவிடுகின்றன. அப்புறம் ஒன்று: இந்த வண்டியின் டேங்க் 37 லிட்டர்தான். 13.5 மைலேஜில் 500 கிலோமீட்டருக்குள் வற்றிவிடும். மேலூர் தாண்டும்போதே மஞ்சள் விளக்கு எரிய, மதுரைக்கு முன்னால் பெட்ரோல் பங்க்கைத் தேடி ஒதுங்க வேண்டியிருந்தது. மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு பங்கு அங்கேயே போனது.

பெட்ரோலையும் நேரத்தையும் விட என்னை உறுத்தியது பிரேக் தூரம்தான். 100-இல் வருகிறோம், முன்னால் ஒரு மாடு. மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி, பிறகு நல்ல பிரேக். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 மீட்டரில் நிற்கலாம். 120-இல் வந்தால் 130 மீட்டர். 30 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 100-இல் வந்த வண்டி முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், 120-இல் வந்த வண்டி இன்னும் 75 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். விடிவதற்கு முன், லோ பீம் வெளிச்சத்தில் இது இன்னும் மோசம்; அந்த வெளிச்சம் 100 மீட்டருக்கு எட்டாது. திண்டிவனம் பக்கம் ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரத்தில் நின்ற ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்டியபோது, பின்சீட்டிலிருந்து அத்தை, "பைய போ மக்ளே" என்றார்கள். அதன் பிறகு மதுரை வரை அவர்கள் கண்ணயரவே இல்லை.

பின்சீட்டு

அத்தைக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும், சாவடிக்கு முன்னால் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளிலும் அடி நேராக முதுகுக்கு வந்தது. இறுக்கமான சஸ்பென்ஷன் இருக்கும் வண்டி, ஓரளவுக்கு அப்படித்தான் இருக்கும் என்று முதலில் எடுத்துக்கொண்டோம். நாகர்கோவிலில் மறுநாள் காலை, வண்டியை நகர்த்துவதற்கு முன் காற்றை அளந்து பார்த்தால் நான்கு டயரிலும் 40 பிஎஸ்ஐ. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு கடையில் "ஹைவேக்குக் கூட வச்சிருக்கேன்" என்று சொல்லி நிரப்பியிருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழு லோடுக்கு எழுதியிருப்பதைவிட அது நிறையவே கூடுதல்.

இந்த வண்டியின் டயர் 195/55 ஆர்16. ரப்பர்ச் சுவரின் உயரம் 107 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 டயரில் அது 120. ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். ஆனால் பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். அதில் காற்றையும் இறுக்கிவிட்டால் அது வளைந்து கொடுக்காது, அடி சஸ்பென்ஷனுக்குப் போய் அங்கிருந்து சீட்டுக்கு வரும். பிரேக் பிடிக்கும்போது தரையில் படும் பரப்பும் குறையும். டயர் குளிர்ந்திருக்கும்போது தாளில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தோம். ஓடிச் சூடான டயரில் அளந்தால் எண் கூடத்தான் காட்டும்; அப்போது காற்றை இறக்கக் கூடாது, காலையில் குறைந்துபோய் நிற்கும். திரும்பும் பயணத்தில் அத்தை விருத்தாசலம் பிரிவு வரை தூங்கியே வந்தார்கள்.

காற்று

ஆடியில் தென் மாவட்டத்துச் சாலையில் ஓட்டாதவர்களுக்கு இது புரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்கிறது. கயத்தாறிலும், முப்பந்தலிலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்குத் திரும்பினால் காற்று முகத்தில் அறையும். 100-இல் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று வந்தால், தடையைப் பொறுத்தவரை அது 130-இல் போகும் வண்டி. மைலேஜின் கடைசிச் சொட்டு போனது அந்த நீளத்தில்தான்.

ஆபத்து இருப்பது எதிர்க்காற்றில் இல்லை, பக்கக் காற்றில். அதிலும் போகும்போது ஒரு மாதிரி, வரும்போது வேறு மாதிரி. கோவில்பட்டிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் தெற்கே போகும்போது மேற்குக் காற்று வலப்பக்கம் அடிக்கிறது. லாரியை வலது பக்கமாக முந்தும்போது காற்று நம்மை லாரியின் பக்கம் ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலமாகப் பிடித்தால் போதும். வடக்கே திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம். இப்போது லாரி நமக்கும் காற்றுக்கும் நடுவில் மறைப்பாக நிற்கிறது. லாரியின் பக்கவாட்டில் ஓடும் சில விநாடிகள் காற்றே இல்லாததுபோல இருக்கும், கை தளர்ந்துவிடும். லாரியின் முகப்பைத் தாண்டிய அந்தக் கணத்தில் காற்று மொத்தமாக இடப்பக்கம் மோதி வண்டியை மீடியனை நோக்கித் தள்ளும். உயரமான கன்டெய்னர் லாரி என்றால் வண்டி அரை அடியாவது நகரும்.

இங்கே இந்த வண்டியைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். கனமான ஸ்டியரிங்கும், சாயாத உடம்பும் அந்தத் தள்ளலைக் கைக்கு உடனே சொல்லிவிடுகின்றன; சின்னத் திருத்தத்தில் நேராகிவிடுகிறது. ஆனால் அது 90-இல். அதையே 120-இல் சோதித்துப் பார்க்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். கயத்தாறைத் தாண்டும் வரை, லாரியின் முகப்பைக் கடக்கும் முன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் என்று வைத்துக்கொண்டோம்.

வந்தது

திரும்பும்போதும் மச்சினன்தான் ஓட்டினான். வேறு ஆள் ஓட்டினால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை என்பதால் நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு மட்டும் வந்தேன். வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினோம். சாலை விடும் இடத்தில் 90, 95; ஆறாவது கியர், 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் ஆர்பிஎம் முள். சாவடி கண்ணில் பட்டதும் அரை கிலோமீட்டருக்கு முன்பே காலை எடுத்து, கியரிலேயே ஓட விட்டோம். கியரில் உருளும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் சுத்தமாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் அது ஐடிலிங்குக்காகக் குடிக்கும். நியூட்ரல் போட்டால் மிச்சம் என்று இன்றும் நம்புகிறவர்கள் நிறையப் பேர். இறக்கத்தில் அது பிரேக்குக்கும் கெடுதல்.

பலத்தை ஓவர்டேக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். இதுதான் இந்த ஆய்வின் உயிர் என்று நினைக்கிறேன். துவரங்குறிச்சி தாண்டி, இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் 60-இல் ஊர்ந்துகொண்டிருந்தன. வலப்பக்க லாரி கடைசியில் இடம் கொடுத்தது. மச்சினன் ஆறிலிருந்து நேரே நான்குக்கு மாற்றினான்; முள் மேலே ஏறி வந்தது, டார்க் முழுசாகக் கையில் இருந்தது. மிதித்ததும் வண்டி பாய்ந்து, இரண்டு லாரியையும் தாண்டி, 95-இல் மறுபடி ஆறாவது. சில விநாடிகள்தான். சாதாரண 1.2 எஞ்சினில் இதே வேலைக்கு இருமடங்கு நேரம் லாரியின் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்தான இடத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காகத்தான் டர்போவுக்குக் காசு கொடுக்கிறோம்.

சிக்கனம் பிடிபட்டதும் மச்சினன் மறுகோடிக்குப் போகப் பார்த்தான். கொட்டாம்பட்டி பக்கம் பேரிகேட்டில் 50-க்கு இறங்கியவன், ஆறாவது கியரிலேயே அடிவரை மிதித்தான். எஞ்சின் முனகியது. "மாப்ளே, கியரை இறக்கு" என்று உடனே சொன்னேன். சின்ன டர்போ எஞ்சினில், அதுவும் நேரடி எரிபொருள் செலுத்தம் உள்ளதில், தாழ்ந்த ஆர்பிஎம்மில் பெரிய சுமை கொடுப்பது கெடுதல். தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஒரு நிலை உண்டு. அதைத் தடுப்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு 2020-இல் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற எஞ்சின் ஆயில் தரம் வந்தது. ஆயில் மாற்றும்போது டப்பாவின் பின்பக்கத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குவது நல்லது. 1,500-க்குக் கீழே முள் இருந்தால் கியரை இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். 5 கிலோமீட்டர் மைலேஜ் வித்தியாசம் முழுவதும் காலின் வேலை இல்லை. ஆரல்வாய்மொழியில் எதிர்த்த காற்று திரும்பும்போது பின்னால் இருந்து தள்ளியது. காற்று அடங்கிய தை மாதத்தில் இதே பயணத்தைச் செய்தால் இடைவெளி குறையும். ஆனால் ஏசி இரண்டு பயணத்திலும் ஓடியது, எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். திருச்சிக்கு வடக்கே, இரண்டு தடவையும் காற்று பெரிதாக இல்லாத இடத்திலும், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அதனால் பெரும்பகுதி வேகமும் பிரேக்கும்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே டேங்கில் பெரம்பலூர் தாண்டி விழுப்புரம் வரை வந்தோம். அங்கே காபி குடிக்க நிறுத்திய இடத்திலேயே பெட்ரோலும் போட்டாயிற்று.

ரீமேப்

வீடு வந்த பிறகு மச்சினன் கேட்டது, "அத்தான், ரீமேப் பண்ணினா இன்னும் பிக்கப் வருமாமே?" வரும். கணினியில் அழுத்தத்தைக் கூட்டி எழுதினால் டார்க் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்தக் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் 172 நியூட்டன் மீட்டருக்குப் பார்த்து வைத்தவை, வாரண்டி போகும், நம் ஊர்ப் பெட்ரோலிலும் வெயிலிலும் நாக்கிங்குக்கு விட்டிருக்கும் இடைவெளி சுருங்கும். துவரங்குறிச்சியில் அந்த இரண்டு லாரியையும் தாண்ட, கையில் இருந்த டார்க்கே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அந்தக் காசுக்கு நல்ல டயர் காற்றுமானி ஒன்று, முன்விளக்கைச் சரியான உயரத்துக்கு வைப்பது, டயர் தேயும்போது அதே 195/55 அளவிலேயே நல்ல டயர் என்று சொன்னேன். காற்றுமானியை அன்றே வாங்கிவிட்டான். ரீமேப் பேச்சை இன்னும் முழுசாக விடவில்லை.